ஆங்கிலப் பயிற்சியும் அடி அண்ணாமலையும்

திருவண்ணாமலையை வலம் வருவோர் நடக்கும் வழி ஏறக்குறைய 14 கிலோமீட்டர். அவ்வழியிற் பாதியளவு சென்றபின், மலைக்கு மேற்கே, அடி அண்ணாமலை என்னும் சிற்றூர் வருகின்றது. ஆதி அருணாசலேசுவரர் கோயிலும், மாணிக்கவாசகருக்கென ஒரு கோயிலும் அங்கே உள்ளன. பௌர்ணமி இரவுகளில் திரள்திரளாகச் செல்லும் மக்கள் அவ்வூரில் சற்றே இளைப்பாறுவர்; இளநீர் பருகுவர்; மீண்டும் நடப்பர். மற்ற நாட்களில் அது அமைதியானதோர் உழவர் ஊரே.

சென்ற கோடை விடுமுறையில் நம் கலாசாலை மாணாக்கர் நால்வர் அவ்வூரில் மூன்று வாரம் தங்கி, மாலைதோறும் சில வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பயிற்றி வந்தோம். ஆங்கில இலக்கணமும், சொற்களும், எழுத்துக்கூட்டும், நிறுத்தக் குறிகளும் நாம் நன்கறிந்தவை என்ற இறுமாப்போடு சென்றோம். அறிந்ததனைப் பிறர்க்கு அறிவித்தல் வேறொரு வித்தை என்பதனை முதல் மாலையிலேயே உணர்ந்தோம்.

ஏழாம் வகுப்பிற் பயிலும் ஒரு சிறுமி தன் ஏட்டை நம்மிடம் நீட்டினாள். 'பிகாஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லை 20 முறை எழுதிவரும்படி அவளுக்குத் தண்டனைப் பாடம் இடப்பட்டிருந்தது. நம் பள்ளிகளில் இதனை 'இம்போசிஷன்' என்றே யாவரும் வழங்குவர். முதல் நான்கு வரிகள் பிழையின்றி இருந்தன. ஐந்தாம் வரியில், அச்சொல்லின் நடுவே அடுத்தடுத்து நிற்க வேண்டிய 'ஏ', 'யு' என்னும் இரண்டு எழுத்துக்களும் இடம் மாறிவிட்டன. அதன்பின் அவள் மேல்வரியைப் பார்த்தே கீழ்வரியை எழுதினாள். ஆகவே 16 வரிகளும் அத்தவற்றையே தாங்கி நின்றன. பக்கத்தின் அடியிற் சிவப்பு மையால் ஒரு சரிக்குறி இருந்தது. அறுபது ஏடுகளை ஓரிரவில் பார்க்கும் உபாத்தியாயரை நாம் குறைகூறோம். ஆனால் அப்பெண், தான் அறியாத பிழையொன்றை 16 முறை பழகி, அதற்குச் சரிக்குறியும் பெற்றிருந்தாள். "இங்கிலீஷ் எனக்கு வராது அண்ணா, எட்டாவதோடு நின்று அம்மாவோடு இளநீர்க் கடைக்குப் போய்விடுவேன்" என்று அவள் சொன்ன சொல்லை நம்மால் எளிதிற் கடந்துபோக முடியவில்லை.

இம்போசிஷன் என்றவுடன், அம்மலையோடு பிரிக்கவொண்ணாத ஒரு வரலாறு நம் நினைவிற்கு வந்தது. 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள், மதுரையில், அமெரிக்கன் மிஷன் உயர்தரப் பாடசாலை மாணாக்கரான வேங்கடராமன் என்னும் பதினாறு வயதுப் பிள்ளை, பெயின் என்பவரின் ஆங்கில இலக்கண நூலிலிருந்து ஒரு பாடத்தை மும்முறை எழுதிக்கொண்டிருந்தார். பாடத்தை ஒப்பியாததற்குக் கிடைத்த தண்டனை அது. இருமுறை எழுதியாயிற்று, மூன்றாம் முறை கை ஓடவில்லை. ஏட்டை ஒதுக்கிவிட்டுக் கண்ணை மூடி அமர்ந்தார். தமையனார் கடிந்துகொண்டார். அன்றே அப்பிள்ளை வீட்டை விட்டுப் புறப்பட்டு, செப்டம்பர் 1-ஆம் நாள் திருவண்ணாமலை சேர்ந்தார். பின்னாளில் ரமண மகரிஷி என உலகம் போற்றியவர் அவரே. அவர் புறப்பட்டதன் காரணம் இலக்கணப் பாடம் அன்று. அது வேறு ஆழத்தைச் சார்ந்தது. அதனுள் நாம் புகவில்லை. எனினும், எழுதி முடியாத அந்த மூன்றாம் படி ஆசிரியத் தொழிலை நாடும் எவருக்கும் ஒரு கேள்வியை எழுப்பாதிராது. இருமுறை எழுதியும் மனத்திற் பதியாதது மூன்றாம் முறையிற் பதியுமா?

இதில் வியப்பு யாதெனின், அந்நூலை இயற்றிய அலெக்ஸாண்டர் பெயின் வெறும் இலக்கணக்காரர் அல்லர். ஸ்காட்லாந்து தேசத்து அபர்டீன் சர்வகலாசாலையில் 1860 முதல் 1880 வரை தர்க்கமும் ஆங்கிலமும் கற்பித்தவர். மனத்தின் இயல்பை ஆராய்ந்து பெருநூல்கள் வரைந்தவர். நற்பழக்கம் மனத்தில் ஊன்றுவது எவ்வாறு என அவர் விரித்துரைத்ததனை, அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியிட்ட தம் மனநூலில் எடுத்தாண்டுள்ளார். புதிய பழக்கத்தின் தொடக்கத்தில் ஒரு தோல்விக்கும் இடங்கொடாமல், வெற்றியே இடைவிடாது தொடருமாறு செய்தல் வேண்டும். தவறான பக்கம் பெறும் ஒவ்வொரு வெற்றியும் சரியான பக்கத்தின் பல வெற்றிகளை அழித்துவிடும் என்பது அவர் கருத்து. அடி அண்ணாமலைச் சிறுமியின் ஏட்டில் 4 வெற்றிகளை 16 தோல்விகள் அழித்த கதையை அவர் கண்டிருப்பாரேல், தம் இலக்கணத்தை இம்போசிஷனுக்குக் கொடுப்பாரோ என்பது ஐயமே.

வேங்கடராமன் பயணத்திற்கு வழி தேடிய முறை இதற்கு நேர் எதிரானது. அவர் ஒரு பழைய தேசப்படத்தை விரித்து, திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள ரயில் நிலையம் திண்டிவனம் எனக் கண்டார். படம் பழையதாகையால், திருவண்ணாமலை வழியே அப்போது ஓடிக்கொண்டிருந்த இருப்புப்பாதை அதில் இல்லை. வண்டியில் உடன் வந்த ஒரு மௌலவி, விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாற வேண்டும் என்று உரைத்தார். விழுப்புரத்தில் இறங்கி, வழிகாட்டும் பலகைகளைப் படித்துத் திரிந்தார். மாம்பழப்பட்டு என்ற பெயர் கண்ணிற்பட்டும், அது தாம் செல்லவேண்டிய வழியிலுள்ள ஊர் என்பது அவருக்குத் தெரியவில்லை. கேட்டறிந்தபின் சீட்டு வாங்கிச் சென்றார். ஒரு தேவை முன்னே நிற்க, அதற்காகப் படித்தார், தவறினார், விசாரித்துத் திருத்திக்கொண்டார். பழகுதல் என்பது இதுவன்றோ!

இக்கருத்தை ஒரு கல்வி முறையாகவே நம் நாட்டில் நடத்திப் பார்த்தவர் என். எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை, பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய இடங்களின் சில பள்ளிகளில் இம்முயற்சி நடைபெற்றது. இலக்கண விதிகளை வரிசையாக ஓதாமல், ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, "இந்த வண்டியைத் தவறவிட்டால் எப்போது போய்ச் சேரலாம்?" என்பது போன்ற வினாக்களை ஆங்கிலத்திலேயே கேட்டு, பிள்ளைகள் சிந்தித்து விடை காணுமாறு செய்தனர். கருத்திலே மனம் ஊன்றியிருக்கும் வேளையில் இலக்கணம் தானே உள்ளே இறங்கும் என்பது பிரபுவின் கொள்கை. 1987-இல் அவர் இதனைப் பற்றி நூலும் எழுதினார். விதி கூறவே வேண்டா என்னுமளவுக்கு நாம் செல்லமாட்டோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தமிழ் இலக்கணம் முன்னமே தெரியும்; அதனைச் சுட்டி ஒரு விதியைச் சொல்வதால் ஒரு மாதப் பிழை ஒரு நிமிஷத்தில் நீங்குவதுண்டு. அவ்வாறு நீங்கக் கண்டோம்.

உதாரணமாக, படர்க்கை ஒருமையில் ஆங்கில வினையின் இறுதியில் வரும் 'எஸ்' என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். 'ஷி கோ', 'ஹி ஈட்' என்றே பிள்ளைகள் யாவரும் எழுதினர். "அக்கா வந்தான் என்று சொல்வீர்களா?" என்று கேட்டோம். சிரித்தார்கள். தமிழ் வினையில் ஆன், ஆள், ஆர், அது என விகுதிகள் நின்று, செய்தவர் இன்னார் எனக் காட்டுகின்றன. பழைய ஆங்கிலத்திலும் இவ்வாறு இடத்திற்கேற்ற விகுதிகள் பல இருந்தன. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல அவை உதிர்ந்துபோயின. நிகழ்காலத்துப் படர்க்கை ஒருமைக்கு உரிய 'எஸ்' ஒன்றே உதிராமல் எஞ்சியது. இதனைக் கேட்ட ஒரு சிறுவன், "மரத்தில் கடைசி இலை" என்றான். அதன்பின் அவ்விலையை விட்டு எழுதுவோர் குறைந்தனர்.

ஆயினும் விதியறிந்தது மாத்திரம் போதாது. நா பழக வேண்டும். இதற்கு ஓர் உபாயம் அவ்வூர்க் கோயிலிலேயே கிடைத்தது. திருவண்ணாமலையில் மாணிக்கவாசகர் பாடியருளியதாகப் போற்றப்படும் திருவெம்பாவை அப்பிள்ளைகளுக்கு மார்கழிதோறும் கேட்டுப் பழகிய பதிகம். அதன் 20 பாடல்களும் ஒரே முடிவுடையன. ஆனால் பாட்டுக்குப் பாட்டு முன்னுள்ளவை வேறு. முடிவு மாறாதிருப்பதால் நினைவில் நிற்கிறது. முன்னுள்ளது மாறுவதால் சலிப்புத் தட்டுவதில்லை. நாமும் ஒரே வாக்கியச் சட்டத்தை வைத்துக்கொண்டு, உள்ளே நிரப்புவதனை மட்டும் மாற்றினோம். 'என் தாய் இளநீர் விற்கிறாள்' என்பதனை ஒருவர் ஆங்கிலத்திற் கூற, அடுத்தவர் 'என் மாமன் ஆட்டோ ஓட்டுகிறார்' என்பார். மூன்றாமவர் 'எங்கள் ஆடு எல்லாவற்றையும் தின்கிறது' என்பார். இருபது முறை அந்த 'எஸ்' ஒலித்தது. ஒருமுறையேனும் ஒருவரும் கொட்டாவி விடவில்லை. எண்ணிக்கையில் அதுவும் ஓர் இம்போசிஷனே.

எதிர்மறை வினாக்களே மிகவும் தொல்லை தந்தன. இளநீர் பருகிய வெளிநாட்டார் ஒருவர், ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி, "உன்னிடம் சில்லறை இல்லையா?" என்று ஒரு சிறுவனை ஆங்கிலத்திற் கேட்டார். அவன் "எஸ்" என்றான். அவர் சில்லறைக்காகக் காத்து நின்றார். அவன் அவர் சிறிய தாள் எடுப்பார் எனக் காத்து நின்றான். தமிழில் 'சில்லறை இல்லையா?' என்று கேட்டால், 'ஆமாம், இல்லை' என்பதும் நல்ல விடையே. அங்கே 'ஆமாம்' என்பது கேட்டவர் எண்ணத்திற்கு உடன்படுகின்றது. ஆங்கிலத்திலோ 'எஸ்', 'நோ' என்பன கேட்டவரை நோக்குவதில்லை, பொருளையே நோக்குகின்றன. பொருள் உண்டாயின் 'எஸ்', இல்லையாயின் 'நோ'. வினா எவ்வடிவில் இருப்பினும் ஆகுக. இதனை விளக்கியபோது நம்முள் ஒருவர், தாமே கலாசாலை நேர்முகத் தேர்வொன்றில் இவ்வாறு மாற்றிக் கூறி விழித்ததனை ஒப்புக்கொண்டார். 'ஏ', 'தி' என்னும் சுட்டுச் சொற்களைப் பற்றி ஒன்றே சொன்னோம்: கதையில் முதலில் வருவது 'ஒரு நாய்', மறுபடி வருவது 'அந்த நாய்'. விதிவிலக்குகள் ஏராளம், பாட்டியின் கதையைக் கொண்டு தொடங்குவார்க்கு இப்போதைக்கு இது போதும்.

சொற்களைப் பெருக்குவதில் பிள்ளைகள் நாம் நினைத்ததைவிடச் செல்வந்தராயிருந்தனர். பஸ், டிக்கெட், ரோடு, லைட், சார்ஜ், ஆஸ்பத்திரி என அவர்கள் நாள்தோறும் வழங்கும் சொற்களைக் கரும்பலகையில் எழுதியபோது, அரை மணியில் நூற்றைத் தாண்டிவிட்டது. தமக்கு ஆங்கிலமே தெரியாது என எண்ணியிருந்தவர்க்கு அப்பலகை ஒரு கண்ணாடியாயிற்று. அளவின்றிச் சொற்களை மனனஞ் செய்தல் வீண் என்பதனை அறிஞர் முன்னரே உரைத்துள்ளனர். டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கலாசாலைத் தலைவராயிருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகளின் தேவையை ஆராய்ந்து, மிகுதியாக வழங்கும் சொற்களை முதலிற் கற்பிக்கும் வாசகங்களை இயற்றினார்; 1953-இல் ஏறக்குறைய 2000 சொற்கள் கொண்ட பட்டியலையும் வெளியிட்டார். அதற்கு முன்பே 1930-இல் ஆக்டன் என்பவர் 850 சொற்களில் ஆங்கிலத்தை அடக்க முயன்றார். ஆக்டனின் பட்டியல் நமக்கு மிகவும் இறுக்கமாகவே தோன்றுகின்றது. வெஸ்ட்டின் வழியே நம் பிள்ளைகளுக்கு உகந்தது.

எழுத்துக்கூட்டுக்கு வருவோம். ஆங்கிலத்தில் எழுத்து 26. ஒலிகளோ ஏறக்குறைய 44. ஆகவே ஓரெழுத்து பல ஒலிகளைச் சுமக்கிறது. இதனைக் குற்றமெனச் சிரிக்குமுன், நம் ககரம் 'கல்' என்பதில் ஒருவாறும், 'தங்கம்' என்பதில் ஒருவாறும், 'பகல்' என்பதில் வேறொருவாறும் ஒலிப்பதனை நினைக்க. ஒலியாத எழுத்துக்கள் எங்கிருந்து வந்தன? பல ஒருகாலத்தில் ஒலித்தவையே. போர்வீரனைக் குறிக்கும் 'நைட்' என்னும் சொல்லின் முதலிலுள்ள 'கே' என்னும் எழுத்தை முன்னோர் ஒலித்தனர். 1476-இல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் நிறுவியபின் எழுத்துக்கூட்டு மெல்ல மெல்ல உறைந்தது. மக்கள் நாவோ உறையாமல் ஓடிக்கொண்டிருந்தது. சில எழுத்துக்களைப் பண்டிதர் வலிந்து புகுத்தினர்: கடனைக் குறிக்கும் 'டெட்' என்பதிலுள்ள 'பி', லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகச் செருகப்பட்டது. ஊமை எழுத்தை நினைவில் நிறுத்த, எழுதும்போது மட்டும் அதனை வாய்க்குள் ஒலித்துக்கொள்வது நல்லது. புதன்கிழமையை எழுதும்போது 'வெட்-நெஸ்-டே' என முணுமுணுப்பதனை நம்மில் இன்னும் விடாதவர் உளர்.

'பிகாஸ்' என்ற சொல்லை அச்சிறுமிக்கு இருபத்தோராம் முறை எழுதக் கொடுக்கவில்லை. அதனை இரண்டாகப் பிளந்து காட்டினோம். பின்பாதி 'காஸ்', அதன் பொருள் காரணம். 'காரணத்தால்' என நாம் ஒரே சொல்லாகக் கூறுவதனையே ஆங்கிலேயரும் ஒன்றாகச் சேர்த்துள்ளனர். உள்ளே 'காரணம்' இருப்பதனைக் கண்டபின், இடம் மாறிய இரண்டு எழுத்துக்களும் தாமே தம் இடத்தை அடைந்தன. "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றாள். நமக்கும் அன்று காலையில்தான் அகராதியைப் புரட்டியபோது தெரிந்தது என்பதனை அவளிடம் மறைக்கவில்லை.

நிறுத்தக் குறிகள் நம் முன்னோர் ஏட்டில் இல்லை. அருணாசலேசுவரர் திருக்கோயிற் கல்வெட்டுக்களிலும் பிற சோழர் காலக் கல்வெட்டுக்களிலும் சொல்லுக்குச் சொல் இடைவெளியுமின்றி எழுத்துக்கள் தொடர்ந்து ஓடுகின்றன; ஓலையிலோ மெய்யெழுத்தின் புள்ளியும் பெரும்பாலும் இடப்படுவதில்லை. காற்புள்ளி முதலியன ஐரோப்பியரோடும் அச்சோடும் நம்மிடம் வந்தன. இவற்றின் பயனை உணர்த்தத் தமிழ் வாக்கியமே போதுமாயிருந்தது. 'முருகன் சொன்னான் கந்தன் பொய்யன்' எனப் பலகையில் எழுதினோம். 'முருகன் சொன்னான், கந்தன் பொய்யன்' எனப் புள்ளியிட்டால் கந்தன் பழியேற்கிறான். 'முருகன், சொன்னான் கந்தன், பொய்யன்' என்றிடின் பழி முருகன் தலையில் விழுகிறது. பிள்ளைகள் உடனே பெயர்களை நீக்கித் தம் தோழர் பெயர்களை இட்டு, வகுப்பைக் கலவரமாக்கினர்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேற்றுமையும் தமிழர்க்குப் புதிதே. ஊர்ப்பெயர், ஆட்பெயர், வாக்கியத் தொடக்கம் இவற்றிற்குப் பெரிய எழுத்து என்பதனை எளிதில் ஏற்றனர். 'நான்' என்னும் பொருளுடைய 'ஐ' என்பதனை எங்கும் பெரிதாகவே எழுத வேண்டும் என்றபோது, "நீ என்பது சின்னது, நான் மட்டும் எப்போதும் பெரியதா அண்ணா?" என்று ஒரு சிறுவன் கேட்டான். தனித்து நிற்கும் சிறிய எழுத்து கையெழுத்துப் படிகளில் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதற்காகவே அதனைப் பெரிதாக்கினர் என்றோம். ஆனால் 'நான் யார்' என்ற வினாவினால் அறியப்படும் அம்மலையடியில் அவன் கேட்ட கேள்வி நம் மனத்தை விட்டு நீங்கவில்லை. 1896-இல் வேங்கடராமன் வீட்டில் வைத்துச் சென்ற தமிழ்க் கடிதத்தை இலக்கணக் கண்கொண்டு நோக்கினால் இன்னொரு வியப்பு உண்டு. அது 'நான்' எனத் தன்மையிலே தொடங்கி, சில வரிகளுக்குள் தம்மையே 'இது' என அஃறிணையாற் சுட்டுகின்றது; முடிவிற் கையொப்பம் இல்லை, கோடுகளே உள்ளன. பள்ளித் தேர்வாயின் திணைவழு, இடவழு எனச் சிவப்பு மை பாய்ந்திருக்கும். வழுவும் ஒரு காரணம் பற்றி வருமாயின் அமைதி பெறும் என நம் இலக்கணமுடையார் கூறுவதனை அக்கடிதத்திற்கு வழங்குவதே முறை. பிற்காலத்தில் அவர் ஆசிரமத்திற்கு ஆங்கிலத்தில் வந்த கடிதங்களையும் அவற்றிற்கு எழுதப்பட்ட விடைகளையும் பார்வையிட்டு வந்தார். அதற்கு வேண்டிய ஆங்கிலம் அந்த மூன்றாம் படியினால் வந்ததன்று என்பதில் நமக்கு ஐயமில்லை.

நாம் புறப்படுவதற்கு முந்திய மாலை, அச்சிறுமி தன் தாயின் கடைக்கு ஒரு பலகை எழுதித் தரும்படி கேட்டாள். "நீயே எழுது" என்றோம். இளநீருக்கு ஆங்கிலம் 'டெண்டர் கோகனட்' என்பதனை அவள் முன்பே அறிந்திருந்தாள். ஆனால் எழுதாமல் நின்றாள். "என் மாமா ரோடு வேலைக்கு டெண்டர் போடுவார். இளநீருக்கு எதற்கு டெண்டர்?" நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தோம்; ஒருவருக்கும் விடை தெரியவில்லை. திரும்பியபின் நம் கலாசாலைப் புத்தகசாலையில் பேரகராதியைப் பிரித்தோம். ஒன்று மென்மையானது எனப் பொருள்படும் லத்தீன் சொல்லின் வழிவந்தது. மற்றொன்று நீட்டுதல் எனப் பொருள்படும் வேறொரு லத்தீன் சொல்லின் வழிவந்தது. எழுத்தால் ஒன்றாயினும் இரண்டும் வெவ்வேறு சொற்கள். அடுத்த பௌர்ணமியன்று வலம் வந்தபோது விடையோடு சென்றோம். பலகை கடையின் முன் தொங்கிக்கொண்டிருந்தது, எழுத்துக்கூட்டுப் பிழையில்லை. நாம் சொன்ன விளக்கத்தைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் மாமா நீட்டுவது ஒன்று, அம்மா வெட்டுவது ஒன்று" என்று சொல்லி, வந்து நின்ற வெளிநாட்டார் இருவருக்கு விலை கூறப் போய்விட்டாள். அவள் தாயார் நம்மை நோக்கி, "எட்டாவதுக்குப் புத்தகம் வாங்கியாச்சு தம்பி" என்றார்.